தூசியில் உயிர்கள்: இயற்கை நூலார் எழுதிக்கொண்ட மடல்களும் அவை நமக்கு உணர்த்துவனவும்

மனிதன் மண்ணினின்று எடுக்கப்பட்டவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பது ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்கள் கூறும் செய்தியாகும். நாம் தூசி என்பதை ஆண்டவர் நினைவுகூருகிறார் என்று 103ஆம் சங்கீதம் ஆறுதல் கூறுகிறது. அடக்க ஆராதனைகளில் இவ்வசனங்களை வாசிக்கும் நாம், தூசி என்றால் ஒன்றுமற்றது, உயிரற்றது, காற்று அடித்துச் செல்லும் வெறுமை என்றே பொருள் கொள்கிறோம். ஆயின் அதே திருமறையில், பூமியின் தூசியை அளவுபாத்திரத்தில் அடக்குகிறவர் யார் என ஏசாயாவின் 40ஆம் அதிகாரம் வினவுகிறது. அங்கே தூசி வெறுமைக்கு அடையாளமன்று. படைத்தவர் ஒருவரே அளந்தறியக்கூடிய பெரும்பொருளுக்கு அடையாளம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கை நூலார் சிலர் இத்தூசியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பி, அதனைக் குறித்து மடல்கள் எழுதிக்கொண்டனர். அவர்கள் கண்டது என்ன, எங்கே தவறினர், அவர்தம் ஆய்விலிருந்து திருச்சபையின் ஊழியராகிய நாம் கற்க வேண்டுவது யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கப்பலில் விழுந்த தூசி

1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் 'பீகிள்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் பிளிமத் துறைமுகத்தினின்று புறப்பட்டது. அதில் இயற்கை ஆய்வாளராகச் சென்ற சார்லஸ் டார்வின் 22 வயது இளைஞர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஆங்கிலிக்கன் சபையில் குருவாகலாம் என்னும் எண்ணத்தோடு அங்கு அனுப்பப்பட்டவர். 1832 ஜனவரி 16ஆம் நாள் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஒன்றாகிய சந்தியாகோவை அடைந்து நங்கூரமிட்டது. அதற்கு முந்திய காலையில், பாய்மரத்தின் உச்சியிலிருந்த காற்றுத் திசைகாட்டியின் மெல்லிய வலைத்துணியில் பழுப்பு நிறமான நுண்ணிய தூசி படிந்திருப்பதை டார்வின் கண்டார். காற்றை அத்துணி வடிகட்டியதுபோல் இருந்தது. அவர் அத்தூசியைத் திரட்டிப் பொட்டலமாக்கி வைத்துக்கொண்டார்.

பிறர் துடைத்தெறியும் அழுக்கை அவர் பாதுகாத்தது வீண்போகவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பியபின், புவியியல் அறிஞர் சார்லஸ் லையல் வேறு நான்கு பொட்டலங்களை அவருக்குக் கொடுத்தார். அவை அத்தீவுகளுக்குச் சில நூறு மைல் வடக்கே மற்றொரு கப்பலின்மீது விழுந்த தூசி. மொத்தம் ஐந்து பொட்டலங்கள் சேர்ந்தன. இவற்றை ஆராயத் தகுந்தவர் யார்? ஐரோப்பாவில் அக்காலத்தில் இவ்வினாவுக்கு முதலில் கிடைத்த விடை பெர்லினில் வாழ்ந்த ஒருவரின் பெயரே.

2. பெர்லின் பேராசிரியர்

கிறிஸ்தியான் காட்ஃபிரீட் ஏரன்பெர்க் 1795ஆம் ஆண்டு சாக்சனி நாட்டு டெலிட்ஷ் என்னும் ஊரில் பிறந்தவர். டார்வினைப் போன்றே இவரும் சமயப்பணியை நோக்கிய கல்வியில் தொடங்கியவர். லைப்சிக் நகரில் இறையியல் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். 1820 முதல் 1825 வரை எகிப்து, அரேபியா முதலிய நாடுகளில் ஆய்வுப்பயணம் செய்தார். அப்பயணத்தில் அவருடன் சென்ற நண்பர் ஹெம்பிரிக் 1825இல் செங்கடற்கரையில் உயிரிழந்தார். 1829இல் அலெக்சாந்தர் ஃபான் ஹும்போல்ட்டுடன் ரஷ்ய நாட்டினூடே பயணம் செய்தார்.

குளத்து நீரிலும் கடல் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களை அந்நாளில் 'இன்ஃபூசோரியா' என்னும் பொதுப்பெயரால் அழைத்தனர். அவற்றைக் குறித்து ஏரன்பெர்க் 1838இல் வெளியிட்ட பெருநூல் அறிவியல் உலகில் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்ணுயிர்கள் மடிந்தபின், அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து பாறையாகவே மாறுகின்றன என்று காட்டியவர்களுள் அவர் தலைசிறந்தவர். தென்துருவக் கடல்களினின்று ஜோசப் ஹூக்கர் கொண்டுவந்த படிவுகளும் அவருடைய நுண்ணோக்கியின்கீழ் வந்து சேர்ந்தன.

டார்வின் 1844இல் தம் பொட்டலங்களை இவருக்கு அனுப்பினார். தூசியோடு நில்லாது, தியெரா தெல் ஃபுவேகோ மக்கள் தம் உடலில் பூசிக்கொள்ளும் வெண்சுண்ணம் போன்ற பிற பொருள்களையும் அனுப்பினார். அச்சுண்ணமும் நன்னீர் நுண்ணுயிர்களின் எச்சங்களால் ஆனது என்பது ஏரன்பெர்க்கின் ஆய்வில் வெளிப்பட்டது.

3. அறுபத்தேழு உருவங்கள்

தூசியைப் பற்றிய விடை யாவரையும் வியக்க வைத்தது. ஐந்து சிறு பொட்டலங்களில் 67 வகையான உயிர்ப்பொருள் உருவங்களை ஏரன்பெர்க் கண்டறிந்தார். சிலிக்கா ஓடுடைய நுண்ணுயிர்களும், தாவரங்களின் திசுக்களிலிருந்து வந்த சிலிக்காத் துகள்களும் அத்தூசியில் பெரும்பங்கு வகித்தன. அந்நுண்ணுயிர்களுள் இரண்டு நீங்கலாக ஏனையவை யாவும் நன்னீரில் வாழ்பவை. நடுக்கடலில் கப்பலின்மேல் விழுந்த தூசியில் குளத்து உயிர்களின் ஓடுகள்! இத்தூசி கடலில் தோன்றியதன்று, ஏதோ ஒரு நிலப்பரப்பினின்று காற்று சுமந்துவந்தது என்பது ஐயமற விளங்கிற்று.

எந்த நிலப்பரப்பு? ஈண்டுதான் கருத்து வேற்றுமை எழுந்தது. டார்வின் பழைய பயணக் குறிப்புகளைத் தேடி, அட்லாண்டிக் கடலில் தூசி விழுந்ததைக் கூறும் 15 செய்திகளைத் திரட்டினார். தூசி விழுந்தபோதெல்லாம் வீசிய காற்றின் திசையை நோக்கினார். ஹார்மட்டான் என்னும் வறண்ட காற்று ஆப்பிரிக்கக் கரையினின்று புழுதியை எழுப்பும் மாதங்களையும் ஒப்பிட்டார். தூசி ஆப்பிரிக்காவினின்றே வருகிறது என்பது அவர் முடிவு.

ஏரன்பெர்க்கின் நுண்ணோக்கியோ வேறு சான்று கூறிற்று. ஆப்பிரிக்காவுக்கே உரியவை என அவர் அறிந்திருந்த உயிர்வகைகள் பல. அவற்றுள் ஒன்றேனும் அத்தூசியில் இல்லை. மாறாக, தென் அமெரிக்காவில் மட்டுமே வாழ்வன என அதுவரை அறியப்பட்டிருந்த இரண்டு வகைகள் இருந்தன.

டார்வின் இதனை எவ்வாறு எதிர்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. தம் பயண நூலின் 1845ஆம் ஆண்டுப் பதிப்பில், தூசி ஆப்பிரிக்காவினின்று வருவதென உறுதியாக எழுதிய அதே இடத்தில், தம் கருத்துக்கு மாறான இவ்வுண்மையையும், அது விந்தையானது என்னும் குறிப்போடு சேர்த்தே அச்சிட்டார். 1846இல் லண்டன் புவியியல் கழகத்தின் ஏட்டில் இத்தூசியைப் பற்றித் தனிக்கட்டுரையும் வெளியிட்டார். நிலத்தினின்று 300 மைல் தொலைவில் திரட்டிய தூசியில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவுடைய கல்துகள்கள் இருந்ததையும் அவர் கண்டார். கல்லையே இவ்வளவு தொலைவு காற்று சுமக்குமாயின், அதனினும் இலேசான பூவாத் தாவரங்களின் வித்துத்துகள்கள் உலகெங்கும் பரவுவதில் வியப்பில்லை என்னும் முடிவுக்கு வந்தார்.

4. திருமறை வசனமும் தவறிய கொள்கையும்

ஏரன்பெர்க்கின் கண்டுபிடிப்பை ஆவலோடு ஏற்றவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி. ஆயிரக்கணக்கான கப்பல் நாட்குறிப்புகளைத் திரட்டிக் கடற்காற்றுகளின் வரைபடங்களை உருவாக்கிய பேரறிஞர், ஆழ்ந்த இறைப்பற்றுடையவர். கடலின் இயற்கை அமைப்பைக் குறித்து அவர் எழுதிய நூல் 1855இல் வெளிவந்தது. தென் அமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வறட்சிக் காலத்தில் எழும் புழுதி, நிலநடுக்கோட்டருகே மேலேறி, வான்வெளியின் உயரத்தில் வடக்கே கடந்து, அட்லாண்டிக்கின் மறுபுறத்தில் இறங்குகிறது என அவர் விளக்கினார். காற்றின்மேல் அடையாளச் சீட்டுக் கட்டி அனுப்பியதுபோல், அந்நுண்ணிய ஓடுகள் காற்றின் வழியைக் காட்டுகின்றன என்பது அவர் கருத்து.

இதில் மோரிக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. காற்று தெற்கே சென்று வடக்கே திரும்பிச் சுழன்று சுழன்று வருவதாகப் பிரசங்கியின் முதல் அதிகாரம் 6ஆம் வசனம் கூறுகிறதல்லவா? அறிவியல் இன்று கண்டதைத் திருமறை அன்றே கூறிவிட்டது என அவர் கருதினார். இத்தகைய வாதத்தை நம் சபைகளிலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சிலவேளை நாமே பிரசங்கித்தும் இருக்கலாம்.

ஆயின் தூசியைப் பொறுத்தமட்டில் மோரியின் விளக்கம் தவறு. டார்வினின் முடிவே சரி. அத்தூசி ஆப்பிரிக்காவினின்று வருவதே. இன்னும் சொல்லப்போனால், மோரி கூறியதற்கு நேர் எதிராக, சகாராவின் தூசியே அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவை அடைகிறது. 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோளால் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 18 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் கடப்பதாகவும், அதில் ஏறத்தாழ 2.8 கோடி டன் அமேசான் படுகையில் விழுவதாகவும் கணித்தது. அத்தூசியில் ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் அடங்கியுள்ளது. மழையாலும் வெள்ளத்தாலும் அமேசான் காடு ஆண்டுதோறும் இழக்கும் பாஸ்பரஸின் அளவும் ஏறத்தாழ இதுவே.

அப்படியாயின் நன்னீர் ஓடுகள் பாலைவனத்தினின்று எவ்வாறு வந்தன? சாட் நாட்டிலுள்ள போதெலே என்னும் தாழ்நிலம் முற்காலத்தில் பேரேரியின் அடித்தளமாக இருந்தது. ஏரி வற்றியபோது, அதில் வாழ்ந்த டயாட்டங்களின் ஓடுகள் வெண்படிவமாக எஞ்சின. இன்று உலகில் மிகுதியாகத் தூசி எழும் இடங்களுள் அது ஒன்று. சகாராவில் இதுபோன்று வற்றிய ஏரிப்படுகைகள் பல உள்ளன. ஆகவே ஏரன்பெர்க் தம் நுண்ணோக்கியில் கண்டது உண்மையே. அவர் அனுமானத்தில்தான் குறை இருந்தது. ஓர் உயிர்வகை ஓரிடத்தில் முதலில் காணப்பட்டது என்பதால், அது அவ்விடத்துக்கே உரியதென ஆகாது. தாம் அறிந்த ஆப்பிரிக்க வகைகள் தூசியில் இல்லை என்பதால், ஆப்பிரிக்காவே இல்லை என்றும் ஆகாது. அவர் அறியாத ஆப்பிரிக்கா எவ்வளவோ பெரிது.

பிரசங்கியின் வசனம் இதனால் பொய்த்ததா? இல்லை. அவ்வசனம் வாழ்வின் சுழற்சியையும் மனித உழைப்பின் நிலையாமையையும் பேசுகிறது; வானிலை இயலைக் கற்பிக்க வந்ததன்று. அதன்மேல் ஓர் அறிவியற் கொள்கையை ஏற்றிவைத்தவர் மோரியே. கொள்கை சரிந்தபோது அதைத் தாங்கி நின்றதாகக் காட்டப்பட்ட வசனமும் சரிந்ததுபோல் கேட்போருக்குத் தோன்றும். திருமறைக்கு அன்றைய அறிவியலை முட்டுக்கொடுக்கும் பிரசங்கியார், தாம் காக்க எண்ணியதையே ஆபத்துக்குள்ளாக்குகிறார்.

5. அப்பத்தில் தோன்றிய செந்நிறம்

ஏரன்பெர்க் 1840களின் பிற்பகுதியில் தூசிமழையோடு 'இரத்தமழை' எனப்பட்ட பழைய செய்திகளையும் திரட்டி ஆராய்ந்தார். இரத்தமழை எனப் பழங்கால மக்கள் அஞ்சியவற்றுள் பல, செந்நிறத் தூசி கலந்த மழையே. 1848இல் பெர்லினில், உணவுப்பொருளின்மேல் இரத்தத்துளிபோல் பரவிய செந்நிறத்தை நுண்ணோக்கியில் ஆய்ந்து, அது ஒரு நுண்ணுயிர் என்று கண்டு பெயரிட்டார். இத்தாலி நாட்டில் பார்த்தொலொமேயோ பிசியோ, சோளக்கூழின்மேல் தோன்றிய இத்தகைய செந்நிறத்தை 1819இலேயே ஆராய்ந்து, அதற்குச் செர்ராத்தியா எனப் பெயரிட்டிருந்தார்.

இதனை நாம் எளிதாகக் கடந்துபோதல் ஆகாது. திருவிருந்து அப்பத்தில் இரத்தம் கசிந்தது என்னும் செய்திகள் இடைக்கால ஐரோப்பாவில் பல. அவற்றுள் சில இந்நுண்ணுயிரின் செயலாக இருந்திருக்கக்கூடும் என அறிஞர் கருதுவர். சில இடங்களில் அது பக்திக்கு வித்தாயிற்று. வேறு சில இடங்களில் யூதர்கள் அப்பத்தைக் குத்தினார்கள், அதனால் அது இரத்தம் சிந்திற்று என்னும் பழிச்சொல்லுக்கு இடமாயிற்று. எந்தச் செந்நிறமும் தோன்றாமலே புனைந்துரைக்கப்பட்ட பழிகளும் பல. ஏரன்பெர்க் பின்னாளில் நுண்ணோக்கியோடு அமர்ந்திருந்த அதே பெர்லினில், 1510ஆம் ஆண்டு, அப்பத்தைத் தீட்டுப்படுத்தினர் என்னும் குற்றச்சாட்டின்பேரில் முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை 1539இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய பிரபுக்களின் பேரவையில் பிலிப் மெலாங்தன் எடுத்துரைத்தார். இது நம் சீர்திருத்த மரபுக்குப் பெருமையே. ஆயின் அம்மரபின் தந்தையாகிய லூதரே 1543இல் யூதருக்கு எதிராகக் கொடிய நூலொன்றை எழுதினார் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

ஆராயப்படாத அதிசயம் ஏதும் தீங்கற்றது என நாம் எண்ணிவிடுகிறோம். அஞ்சிய மக்களின் கையில் அது பிறர் உயிரைப் பறிக்கும் கருவியாகக்கூடும். சபையில் ஒருவர் அதிசயம் என்று கொண்டுவருவதைப் பொறுமையோடு ஆராய்ந்து பார்ப்பது அவிசுவாசமன்று. அயலானுக்கு நாம் செலுத்தவேண்டிய அன்பின் கடன்.

6. பாதுகாக்கப்பட்ட பொட்டலங்கள்

ஏரன்பெர்க் எல்லாவற்றிலும் சரியாகக் கூறியவர் அல்லர். நுண்ணுயிர்கள் பெரிய விலங்குகளைப்போலவே வயிறு முதலிய உறுப்புகள் யாவும் நிறைந்த முழு உடலினர் என்பது அவர் கொள்கை. ஃபிரான்சு நாட்டு துஜார்தென் அதனை மறுத்தார். காலப்போக்கில் அக்கொள்கை கைவிடப்பட்டது. 1859இல் டார்வின் வெளியிட்ட உயிரினத் தோற்றக் கொள்கையை ஏரன்பெர்க் ஏற்கவில்லை. 1876இல் இறக்கும்வரை அவர் மனம் மாறவில்லை. எனினும் அவர் தமக்கு வந்த பொட்டலங்களைக் கொள்கை வேறுபாடு கருதி எறிந்துவிடவில்லை. ஏறத்தாழ 40,000 நுண்ணோக்கித் தயாரிப்புகளும், ஆயிரக்கணக்கான மண், தூசி மாதிரிகளும், வரைபடங்களும், மடல்களும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. தரங்கம்பாடி மிஷனரி ஜான் நம் கடற்கரையினின்று அனுப்ப, மார்க்கஸ் பிளாக் ஆராய்ந்த மீன்களும் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை என்பது நமக்கு உவப்பான செய்தி. இயற்கையை ஆராய்ந்து மடல்வழிப் பகிர்வது நம் நாட்டுச் சுவிசேஷத் திருப்பணிக்கும் அயலானதாய் இருக்கவில்லை.

அப்பொட்டலங்களுள் சில நம் காலத்தில் மீண்டும் திறக்கப்பட்டன. 2007இல் வெளியான ஆய்வின்படி, டார்வினும் அவர்காலத்தவரும் திரட்டிய அத்தூசியின் வேதியியல் அமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவைச் சுட்டியது. அதைவிட வியப்பு, ஏறத்தாழ 170 ஆண்டுகள் உறங்கிய அத்தூசியினின்று சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் உயிரோடு வளர்க்க முடிந்தது. இறந்த ஓடுகளின் குவியல் என எண்ணியதில் உயிர் காத்திருந்தது.

7. நாம் கற்க வேண்டுவன

முதலாவது, உண்மை தனியொருவர் கையில் முழுமையாக அடங்குவதில்லை. ஒரு மாலுமி திரட்டியதை லையல் பெற்றார். லையல் கொடுத்ததை டார்வின் அனுப்பினார். டார்வின் அனுப்பியதை ஏரன்பெர்க் கண்டார். ஏரன்பெர்க் விளங்காமல் விட்டதை நூற்றாண்டு கடந்து பிறர் விளக்கினர். காற்றை அறிந்தவர் ஓட்டை அறியவில்லை. ஓட்டை அறிந்தவர் காற்றைப் போதுமானவாறு கருதவில்லை. திருச்சபையும் மடல்களால் கட்டப்பட்டதே. கொரிந்து சபையின் வினாக்களும் பவுலின் விடைகளும் இவ்வாறே சென்றுவந்தன. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை நோக்கி, நீ எனக்கு வேண்டியதில்லை எனச் சொல்லலாகாது என்பது அறிவுத் தேட்டத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது, மாறான சான்றை மறைக்காதிருத்தல். டார்வின் தமக்கு எதிரான உண்மையைத் தம் நூலிலேயே அச்சிட்டார். நாமோ பிரசங்கம் ஆயத்தம் செய்கையில், நம் கருத்துக்கு இசையாத வசனத்தை ஓசையின்றிக் கடந்துவிடுகிறோம். நம் போதனைக்கு அடங்காத துயரம் ஒரு வீட்டில் நேர்ந்தால், அதற்கு எளிய விடையைத் திணிக்கிறோம். விளங்காததை விளங்காதது என்றே சபையின்முன் வைக்கும் நேர்மை மேடைக்கு இழிவன்று. யோபுவின் நண்பர்கள் கண்டிக்கப்பட்டது அந்நேர்மை இல்லாமையாலேயே.

மூன்றாவது, படைத்தவரின் மாட்சிமை நம் தற்காப்பை நம்பி நிற்கவில்லை. மோரியின் விளக்கம் வீழ்ந்தபின்பும் காற்று ஓயவில்லை. வற்றிப்போன ஏரியின் புழுதி கடல் கடந்து காட்டுக்கு உரமாகும் ஒழுங்கு, அவர் கற்பனை செய்ததைவிடப் பெரிய புகழ்ச்சிக்கு உரியது. காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என அறியாய் என்று ஆண்டவர் நிக்கொதேமுவுக்குச் சொன்னபோது, அறிய முயலாதே என விலக்கவில்லை. அறிந்தவன் என இறுமாவாதே என்றே உணர்த்தினார்.

அடுத்தமுறை கல்லறையருகே நின்று மண்ணை அள்ளி இடுகையில் இதனை நினைவிற்கொள்வோம். நம் கையிலிருப்பது வெறுமையன்று. நம் கண்ணுக்குப் புலனாகாத எத்தனையோ உயிர்களைத் தாங்கி நிற்பது அது. அதனை அளந்தறிந்தவர் நம்மையும் அறிந்திருக்கிறார். நாம் தூசி என்பதை அவர் நினைவுகூருகிறார் என்பது நம்மைத் தாழ்த்தும் சொல் மட்டுமன்று. மறக்கப்படமாட்டோம் என்னும் வாக்குறுதியுமாம்.